உப்பிட்டவரை

கோவிலம்பாக்கத்தில் எங்கள் தெரு போர் தண்ணீர்
வாளியில் இருக்கும்வரைதான் தண்ணீர்.
வெயில் பட்டால் சுண்ணாம்பு.

காலை ஐந்தே முக்காலுக்கு வண்டி கழுவுவேன்.
வலது பக்கம் கழுவித் துடைத்து
இடது பக்கம் ஊற்றி முடிக்கும்போது
போன் அடிக்கும்.
எப்படித்தான் தெரியுமோ.
துணியைத் தோளில் போட்டுக்கொண்டு
"லொகேஷன் கரெக்டா சார்?" என்று கேட்பதற்குள்
எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே சூரியன் வந்து
மிச்ச வேலையைத் தன் பாணியில் முடித்துவைக்கும்.

அதனால் என் வண்டிக்கு
வலது கண் தெளிவு
இடது கண்ணில் புரை.

ஒவ்வொரு புள்ளியும் ஒரு போன்.
கைப்பிடிக்கு மேலே வட்டம் வட்டமாய் இருப்பது
பைனான்ஸ்காரர் எட்டாம் தேதி பேசியது.
சுருக்கமாகப் பேசத் தெரியாத மனுஷன்.
கீழோரத்தில் பொடிப்பொடியாய் இருப்பது
ஆல்வின் பள்ளிக்கூடத்தில் பல்லை உடைத்துக்கொண்ட அன்று.
அன்று வாளியைக்கூட எடுத்து வைக்கவில்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிற கண்ணாடி.

மூன்று நட்சத்திரம் போட்டுவிட்டு ஒருவர் எழுதினார்:
டிரைவர் மேடம் நல்லவர். ஜன்னல் அழுக்கு.
அழுக்கு இல்லை சார்,
தினமும் குளித்ததன் தழும்பு.

பற்பசை தேய்த்தேன்.
வண்டி புதினா மணத்தது, புள்ளி பல்லிளித்தது.
ஸ்டாண்டில் ஆயுத பூஜைக்கு வாங்கி
டயருக்கு வைத்தது போக மிஞ்சிய எலுமிச்சையும் பார்த்தாயிற்று.
பிளேடை எடுத்து, வைத்துவிட்டேன்.
கீறல் விழுந்தால் இன்னும் இருபத்தாறு தவணைக்கும்
அதைப் பார்த்துக்கொண்டே கட்ட வேண்டும்.

புதுப்பேட்டை நிஜாமுதீன் நகத்தால் சுரண்டிப் பார்த்து
டாக்டர் குரலில் சொன்னான்:
"வினிகர். பேப்பரை நனைச்சு ஒட்டு. பத்து நிமிஷம்.
காய விடாத. ரப்பர்ல படாம பாத்துக்க.
அப்புறம் கேன் தண்ணி ஊத்து.
உன் போர் தண்ணிய ஊத்திட்டு
மறுபடி என்கிட்ட வராத."

ஞாயிற்றுக்கிழமை.
முப்பத்தைந்து ரூபாய் வினிகர், நேற்றைய பேப்பர்.
தேர்தலுக்குச் சுவரொட்டி ஒட்டுகிறவள்போல் நின்று
பின் ஜன்னல் முழுக்க ஒட்டி
உள்ளங்கையால் குமிழி எடுத்து
மணி பார்த்தேன்.
நாலாவது நிமிடம் போன் அடித்தது.

மேடவாக்கம் கூட்ரோடு. ட்யூட்டிக்குப் போகிற நர்ஸ்.
ஏறியதும் மூக்கைச் சுருக்கினாள்.
"ஊறுகாயா அக்கா?"
பிறகு ஜன்னலைப் படிக்க ஆரம்பித்தாள்.
"பவுனுக்கு நூத்தியிருபது ஏறியிருக்கு.
மாப்பிள்ளை தேவை, சொந்த வீடு,
குடிப்பழக்கம் கூடாது...
யாருக்கா இது, நல்ல இடமா தெரியுது."
பள்ளிக்கரணை சிக்னலில் இறங்கி
பாட்டிலைச் சாய்த்து மறுபடி நனைத்துவிட்டு ஏறினேன்.
பின்னால் ஒருவர் ஹாரன் அடிக்கவே மறந்து பார்த்தார்.

ரேடியல் ரோட்டில் காற்று ஒரு மூலையைக் கிளப்பியது.
பட்பட்டென்று அடித்துக்கொண்டு
தங்கம், மாப்பிள்ளை எல்லாம்
ஒரு பைக்காரர் மார்பில் போய் ஒட்டியது.
அவர் திட்டியது
ஜன்னல் மூடியிருந்ததால் உதட்டோடு போயிற்று.

நர்ஸ் பேச்சை நிறுத்திவிட்டாள்.
குப்பைமேடு, அதன் புகை,
புகைக்குக் கீழே தண்ணீர்,
தண்ணீரில் ஒற்றைக்காலில் நாரைகள்.
"தினம் இந்த வழியாத்தான் போறேன்.
இவ்ளோ கிட்டயா இருக்கு இது?"

அவளை இறக்கிவிட்டு
நான் குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றித் துடைத்தேன்.
ஒன்றைத் தவிர எல்லாம் போயிற்று.
நகத்துக்குத் தட்டுப்படாத ஒன்று.
போட்டோ அனுப்பினேன்.
"அது கண்ணாடியவே தின்னுடுச்சு, பாலிஷ் போடணும்,
எண்ணூறு ஆகும்" என்றான் நிஜாமுதீன்.

எந்தப் போன் என்று யோசித்துப் பார்க்கிறேன்.
எனக்கு ஞாபகம் வரவில்லை.
அதற்கு இருக்கிறது.

திங்கட்கிழமை
இடது பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.
சொட்டு இல்லாமல் துடைத்தேன்.
வலது பக்கம் ஊற்றி முடித்தபோது
அடித்தது.