எரிப்பில் எடையிழப்பு

தரமணி, இரண்டாம் மாடி.
ஜன்னலுக்கு அப்பால் பறக்கும் ரயில் போவது தெரியும்,
சத்தம் வராது. எல்லாம் அடைத்திருக்கிறோம், ஏசிக்காக.
ஏசி எங்களுக்கில்லை. தராசுக்கு.

நாலு தசமம் காட்டும் தராசு.
பக்கத்தில் நின்று மூச்சு விட்டால்
கடைசி இலக்கம் நடுங்கும்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுப்பதுதான் என் உத்தியோகம்.
பதினோரு மாத ஒப்பந்தம்.

இன்று வந்த பைகள் நாற்பத்திரண்டு.
கீழ்ப்பூண்டை, சித்தேரிக்கு மேல் காடு,
ஆழம் பதினைந்து சென்டிமீட்டர்.
ஆறு வருஷத்துக்கு முன் நூறு நாள் வேலையில்
வரப்புப் போட்டு, குழி வெட்டி,
புங்கமும் வேம்பும் வைத்த நிலம்.
ஒப்பிட்டுப் பார்க்க, ஓடையைத் தாண்டி
யாரும் தொடாத தரிசிலிருந்து ஆறு பை.

இரண்டையும் உள்ளங்கையில் வைத்தால்
தராசே வேண்டாம்.
தரிசு விரலிடுக்கில் ஒழுகிப்போகிறது.
மற்றது
பிடித்தால் பிடிபடுகிறது,
விட்டபிறகும் ரேகையில் கொஞ்சம் கருப்பாய்
ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

இரண்டு மில்லிமீட்டர் சல்லடை.
மேலே நின்றவை: வேர்த்துணுக்கு, நத்தை ஓடு,
பச்சைக் கண்ணாடி வளையல், அரை அங்குலம்.
கல்லும் வேரும் அன்னியப் பொருளும்
தொட்டிக்குப் போகவேண்டும், விதி.
வளையல் கோட்டுப் பைக்குள் போனது.
எப்படி என்று கேட்காதீர்கள்.

கோப்பில் நாலாவது இணைப்பு, வருகைப் பட்டியலின் நகல்.
அஞ்சலாட்சி எழுபத்தொரு நாள்.
ராசகிளி நூறு.
தெய்வானை முப்பத்தெட்டு, பிறகு கோடு. கோட்டுக்குக் காரணம் எழுதவில்லை.
மை கசிந்த கைநாட்டுகள்;
நகலெடுத்து நகலெடுத்து
விதைபோல் ஆகிவிட்டன.
அதற்கடுத்த தாள் இந்த வருஷத்துக் கரைச் செப்பனிடல்.
அதே பெயர்கள்.
தொகை: நிலுவை. வாரம் பதினொன்று.

மண்ணுக்குள் எவ்வளவு கார்பன் தங்கியது என்று அறிய
எரித்துத்தான் பார்க்கவேண்டும்.
ஐந்நூற்றைம்பது டிகிரி, நாலு மணி நேரம்.
உலையில் வைக்குமுன் ஒரு எடை, எடுத்தபின் ஒரு எடை,
காணாமல் போனதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்
கார்பன் என்பது கணக்கு.
அதாவது, ஆறு மழை சேர்ந்து கட்டி வைத்ததை
பத்துப் பத்து கிராமாக
நான் அவிழ்த்து விடுகிறேன்
புகைபோக்கி வழியாக, தரமணி வானத்துக்கு.

பெரிய பாவமில்லை. பெருங்குடிக் குப்பை
பற்றிக்கொண்ட வாரம் ஷேர் ஆட்டோவில்
ஆளாளுக்கு முந்தானையை வாயில் வைத்து வந்தோமே,
அதன் ஒரு நொடிக்கு ஆகாது இது.
ஆனாலும் உலைக் கதவைச் சாத்தும்போது
கை ஒரு கணம் தயங்கும்.

போன மாதம் கூட்டம்.
ஜெசிந்தா மேடம் திரையில் எண்ணைக் காட்டினார்:
ஹெக்டேருக்கு இத்தனை டன், தரிசைவிட இத்தனை அதிகம்.
கைதட்டல். நானும் தட்டினேன்; என் எண்கள்தானே.
கம்பெனிச் சட்டைக்காரர் ஒருவர் எழுந்து,
"இதை விலைக்கு வாங்க முடியுமா?" என்றார்.
முடியும் என்றார்கள்.
"விற்கப்போவது யார்?"
துறை என்றது ஒரு குரல். ஊராட்சி என்றது இன்னொன்று.
அதற்குள் போண்டா வந்துவிட்டது.
ராசகிளி என்று யாரும் சொல்லவில்லை.
நானும்தான்.

ஐந்தரை மணி. உலை ஆறிவிட்டது.
கருப்பாய்ப் போன மண்
செங்கல் நிறத்தில் வந்திருக்கிறது, எல்லாக் கிண்ணத்திலும்,
தரிசும் காடும் இப்போது ஒரே சிவப்பு.
எடையில் மட்டும் வித்தியாசம்.
எழுதிக்கொண்டேன்.

எல்லாரும் போனபின் வளையலைத் தராசில் வைத்தேன்.
மூச்சைப் பிடித்தேன்.
பூஜ்யம் புள்ளி மூன்று ஒன்று இரண்டு ஏழு.
பதிவேட்டில் இதற்குப் பத்தி இல்லை.

மீந்த மண்ணைப் பத்து வருஷம்
காப்பறையில் வைத்திருக்க வேண்டும், அதுவும் விதி.
பதினேழாம் பையைத் திறந்தேன்.
உள்ளே போட்டு, முத்திரை ஒட்டினேன்.
என்றைக்காவது யாராவது சந்தேகப்பட்டு
மறுபடி சலிப்பார்கள்.