பதினேழு வினாடி

தொழில்நுட்பம் வரமா சாபமா.
தலைப்பு அதுதான், வருஷா வருஷம் அதுதான்.
செந்தூல் பள்ளி மண்டபத்தில்
யுவேந்திரன் "அவையோரே" என்றான்,
"வரமா" என்றான்,
அப்புறம் திறந்த வாய் திறந்தபடி.
பதினேழு வினாடி.
எனக்குத் தெரியும், நான்தான் எடுத்தேன்.

எல்ஆர்டி தித்திவங்சா சேர்வதற்குள்
தலையை மட்டும் வெட்டி
ஸ்டிக்கர் ஆக்கிவிட்டேன்.
வகுப்புக் குழுவில் முப்பத்திரண்டு பேர், அவனும் உண்டு.
ஹுய் மின்னுக்குத் தமிழ் தெரியாது,
அவளும் சிரித்தாள்.
அன்று முதல்
கேண்டீனில் நாசி லெமாக் தீர்ந்தால் அவன் முகம்,
கணக்கில் முப்பது வாங்கினால் அவன் முகம்.

"எல்லாம் இந்தப் போனால வந்தது" என்கிறார் அம்மா,
பூண்டும் தேனும் சர்க்கரையை விரட்டும் என்று
பதினோரு பேருக்கு அனுப்பிக்கொண்டே.
போன் பாவம் அம்மா.
மேசையில் வைத்தால் மேசையில் கிடக்கும்.
கட்டைவிரல் என்னுடையது.

இரவு ஒரு மணிக்கு
"அனைவருக்கும் அழி" என்பதை அழுத்தினேன்.
நான் அனுப்பியது போனது.
சேமித்தவர்களிடம் இருக்கிறான்
வாய் மூடாமல்.

நேற்று இயற்பியல் தாள் எப்படி என்று யாரோ கேட்க
யுவேந்திரனே அதை அனுப்பினான்,
தன் முகத்தை, ஒரு வார்த்தை சேர்க்காமல்.
முப்பது சிரிப்பு வந்து விழுந்தது.
நான் எழுதினேன், அழித்தேன்,
மறுபடி எழுதினேன்.
அவன் திரையில் என் பெயருக்குப் பக்கத்தில்
தட்டச்சு செய்கிறார் தட்டச்சு செய்கிறார் என்று
வந்து வந்து போயிருக்கும்.

பதினேழு வினாடிக்கு மேலேயே இருக்கும்.