தக்காளிக் கூடை

வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் லாரிகள் இரைய
டார்ச்சைக் கூண்டுக்குள் அடித்தேன்.
ஆறு காடைகள்.
மூலையில் ஒரு பெட்டையின் உச்சந்தலை
தோல் சீவிய பீட்ரூட்.

அலகில் ரத்தத்தோடு நின்றது சேவல்.
சாட்சி வேறு வேண்டுமா?
தக்காளிக் கூடையைக் கவிழ்த்து
உள்ளே தள்ளினேன்.

பெட்டைக்கு உப்புத் தண்ணீர், மஞ்சள்.
உள்ளங்கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது
சைலண்டில் போட்ட போன் மாதிரி.

"வித்துடுங்க," என்றாள் ஷெரீனா,
"கொழிஞ்சாம்பாறை ஓட்டலில் கேட்கிறார்கள்."
குஞ்சாகக் கொண்டுவந்து தந்தது அவள் அண்ணன்.
அவனோடு நான் பேசி எட்டு மாதம்.

பன்னிரண்டாம் நாள்
ஊசி ஊசியாய் முளைத்திருந்தது இறகு.
கூட்டத்தோடு விட்டேன்.
இரண்டு சுற்று நடந்தது,
மணலில் புரண்டது,
கம்பு இரண்டு பொறுக்கியது,
பிறகு
தண்ணீர் குடிக்க வந்த சின்னதை மடக்கி
தலையில், அதே இடத்தில்,
கொத்தியது.
விடாமல் கொத்தியது.

கூடைக்குள் சேவல்
மூன்று முறை கத்தி ஓய்ந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு
காய்கறிச் சந்தைக்கு நடந்தேன்,
தூறலில்,
இன்னொரு கூடைக்கு.
அன்றைக்குச் சேவலைப் பிடித்தபோது
அது என் விரலைக்கூடக் கொத்தவில்லை
என்பது
பாலம் தாண்டும்போதுதான் நினைவுக்கு வந்தது.