கால் சுற்று

ஜூன் இரண்டாம் வாரப் புயல்
எங்கள் ஊரில் ஓர் ஓட்டைக்கூடக் கொண்டுபோகவில்லை.
நாற்சந்தியில் நின்ற கைகாட்டிக் கம்பத்தைக்
கால் சுற்று திருப்பிவிட்டுப் போனது,
அவ்வளவுதான்.

ஆறு அம்புகள் அதில்.
பழுப்புப் பலகை, வெள்ளை எழுத்து,
நானே முடுக்கிய பன்னிரண்டு திருகாணிகள்.
கல்திட்டை, ஒன்றேகால் கிலோமீட்டர்.
அருவி. பாதாளக் குழி.
பதினோராம் நூற்றாண்டுச் சிற்றாலயம்.
கோட்டை
(இடிந்தது என்று போடவில்லை,
போட்டால் யார் ஏறுவார்கள் என்றார் மேயர்).
ஆறாவது, பொதுக் கழிப்பறை.

மொன்ஃபரால் ஊராட்சிக்குச்
சாலைப் பணியாளன் நான் ஒருவன்தான்.
புல்வெட்டி, உப்பு மூட்டை, கல்லறைத் தோட்டத்துச் சாவி
எல்லாம் என் வண்டியில்.
கம்பம் திரும்பியதை மறுநாளே பார்த்தேன்.
இருபத்துநாலாம் எண் ஸ்பானரைக் காணோம்.
நாளைக்கு, என்று நினைத்தேன்.
நாளை என்பது இங்கே
ஒரு பருவத்தின் பெயர்.

முதலில் டச்சுக்காரர்கள், கேரவனோடு.
அருவிக்குக் கிளம்பிக்
கல்லறைத் தோட்டத்தில் இறங்கினார்கள்.
பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த
இர்மா கஸானியோல்
வாளி நிரம்புவதைக் காட்டி
இதுதான் இந்த வருஷத்து அருவி என்றாளாம்.
பொய்யில்லை.
மூன்று கோடைகளாக அந்தப் பாறையில்
காய்ந்த பாசிக் கோடு மட்டும்தான் இறங்குகிறது.

கல்திட்டையைத் தேடியவர்கள்
ரெனால்தியின் மாட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனார்கள்.
நாலு கான்கிரீட் பலகை, மேலே ஒரு மூடி.
சுற்றிச் சுற்றிப் படமெடுத்தார்கள்.
ஒரு பெண் நெற்றியை அதில் சாய்த்துக்
கண்மூடி நின்றாள்.
ஐயாயிரம் வருஷம், என்று யாரோ முணுமுணுக்க
உள்ளே மிதவைக் குண்டு
களுக் என்றது.
லூசியேன் ரெனால்தி டிராக்டரை அணைத்துவிட்டுத்
தொப்பியைக் கழற்றினான்.
ஏனென்று இன்றுவரை அவனுக்கே தெரியாது.

சிற்றாலயம் கேட்டவர்களுக்குக் கிடைத்தது
வால்நட் காயவைக்கும் கொட்டகை.
பலகைச் சந்துகளில் வெயில்
கோடு கோடாய் விழுந்திருக்கிறது.
குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்,
உண்டியல் தேடினார்கள்.
திருமதி போர்தலா கணக்கில் கெட்டி.
மறுநாள் காலை
ஜாம் ஜாடி ஒன்றின் மூடியில் துளையிட்டு
வாசலில் வைத்துவிட்டாள்.

புகார் ஒன்றும் வரவில்லை.
கழிப்பறை தேடியவர்கள்கூட வாய் திறக்கவில்லை.
அவர்களைக் கம்பம் கோட்டைக்கு அனுப்பியிருந்தது.
எண்ணூறு வருஷமாக அந்தச் சுவர்
பார்க்காததா.

ஆகஸ்ட் கடைசியில்
கல்திட்டையில் புல் வெட்டப் போனேன்,
நிஜமான கல்திட்டையில்.
கோடை முழுக்க ஒரு செருப்பும் மிதிக்காத புல்
இடுப்புக்கு நின்றது.
மேற்கல்லின் நிழலில்
முயல் படுத்து எழுந்த பள்ளம்.
கை வைத்தேன், வெதுவெதுப்பு இருந்தது.
பழைய போரில் இங்கே ஒளிந்திருந்த எவனோ
கத்தி முனையால் கீறிய மூன்று எழுத்தில்
ஒன்றைப் பாசி எடுத்துக்கொண்டிருந்தது.
புல்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கவேயில்லை.
பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று
பதிவேட்டில் எழுதினேன்.

செப்டம்பரில் கடிதம்:
மாவட்டத்திலிருந்து ஆய்வுக்கு ஆள் வருகிறது.
ஸ்பானர் இருக்கைக்கு அடியிலேயே கிடந்தது.
கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்
கால் சுற்று, எதிர்த் திசையில்.
துரு முனகியது.
அம்புகள் தத்தம் உண்மைக்குத் திரும்பின.
ஆய்வாளர் வந்தார், காப்பி குடித்தார், போனார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை
வண்டிச் சங்கிலிக்கு நான் கிரீஸ் போடும்போது
ஒரு வெள்ளைக் கார் நின்றது.
கண்ணாடியை இறக்கிக் கேட்டார் ஒருவர்:
காது வைத்தால் உள்ளே ஏதோ பேசுமாமே,
அந்தக் கல்திட்டை,
என் தங்கை ஜூலையில் பார்த்தாள்,
பலகை காட்டிய இடத்தில் இருப்பது
ஊமையாக இருக்கிறதே?

கையைக் கால்சட்டையில் துடைத்தேன்.
துடைத்த கையை நீட்டி
ரெனால்தியின் வயலைக் காட்டினேன்.
மாடுகள் நிற்கும், என்றேன்,
படலைச் சாத்திவிட்டு வாருங்கள்.