அலமாரிக்குள் ஊலா

ஊலாவுக்கு இரண்டே எண்கள் கொடுத்தேன்.
நம்பிக்கை: நூற்றுக்கு ஐம்பது.
பதற்றம்: பூஜ்யம்.
பேய் விளையாட்டில் கூட வருகிறவளுக்கு
இது போதும் என்று நினைத்தது அக்டோபரில்.
ட்ராலிபஸ் கம்பிகளில் பனித்துளி கோத்துக் கிடந்த கௌனஸ்,
பழைய பின்னலாடை ஆலையின் மூன்றாம் மாடி,
ஹீட்டர் ஒன்று, ஆட்கள் ஏழு.

முகத்தில் டார்ச் அடித்தால் பதற்றம் மூன்று ஏறும்.
அவளை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினால்
நம்பிக்கை இருபது இறங்கும்.
வருகிறேன் என்று சொல்லி வந்தால் ஐந்து கூடும்.
வருகிறேன் என்று சொல்லி வராமல் போனதற்கு
எவ்வளவு கழிப்பது என்று
ஒரு மதியம் முழுக்கச் சண்டை போட்டோம்.

முப்பதுக்குக் கீழே போனால்
ஊலா பொய் சொல்வாள்.
‘இந்தப் பக்கம் யாருமில்லை, வா.’
குரல் மட்டும் கொஞ்சம் இனிமையாகும்.
அந்த இனிமை என் யோசனை.
அதற்காக எல்லாரும் முதுகில் தட்டினார்கள்.

ஜிவிலேயின் வேலை சாவது.
இரவு ஒன்பதுக்குத் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்து
விடியும்வரை அந்தக் காசநோய் மருத்துவமனையில் செத்துச் செத்துப் பார்ப்பாள்.
ஈரத் துணி தரையில் இழுபடும் ஓசையோடு வருவதற்கு
நாங்கள் பெயர் வைக்கவில்லை.
கோப்பிலும் அது ‘அது’தான்.

டிசம்பரில் அவள் அனுப்பிய பிழை, எண் 1187:
‘நம்பிக்கை தொண்ணூறு. பதற்றம் பூஜ்யம்.
ஆனாலும் அலமாரியை விட்டு வர மாட்டேனென்கிறாள்.
கதவை உள்ளிருந்து பிடித்துக்கொள்கிறாள்.’

இரண்டு இரவு தேடினேன்.
சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கும்போது
இரண்டு எண்களும் சமர்த்தாகத் திரும்பிவிடுகின்றன.
மூன்றாவதாக ஒரு பட்டியல் இருந்தது.
‘அது’ தொட்ட இடங்களைக் கடக்கையில்
ஊலாவின் தோள் ஒரு கணம் சிலிர்க்கட்டும் என்று
எப்போதோ எழுதியது.
அழிக்க மறந்திருக்கிறேன்.

படிக்கட்டு.
படிக்கட்டு.
சலவை அறை.
படிக்கட்டு.
நாற்பத்தொரு வரிகள்.
ஆட்டம் மறந்த சாவுகளை
அவள் ஒருத்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

‘ஒவ்வொரு தடவையும் அவளையா முன்னால் அனுப்பினாய்?’
‘பின்னே? என்னையா அனுப்புவேன்?’ என்றாள் ஜிவிலே.
சிரிக்கத்தான் சொன்னாள்.
இருவரும் சிரிக்கவில்லை.

காலையில் கெஸ்தூதிஸ் கசகசா ரொட்டியோடு வந்தார்.
எல்லாருக்கும் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார்.
சம்பளம் பதினைந்தாம் தேதி, நம்புங்கள், என்றார்,
மூன்றாவது மாதமாக.
குரல் கொஞ்சம் இனிமையாக இருந்தது.
ஜிவிலே என்னைப் பார்த்தாள்.
நான் ஹீட்டரைப் பார்த்தேன்.

பட்டியலைத் துடைக்க ஒரே ஒரு வரி போதும்.
அதை எழுதி, விரலை விசைமேல் வைத்தபோது
‘இரு’ என்றாள்.
திரையில் அலமாரிக்கு முன்னால் போய் நின்றாள்,
டார்ச்சை அணைத்தாள்,
கைப்பிடிக் கருவியை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.
ரொட்டியைப் பிய்த்துத் தின்னத் தொடங்கினாள்.

ஒன்றும் நடக்கவில்லை.
கீழே ஒரு லாரி பின்வாங்கிக் கத்தியது.
தூரத்தில் ஈரத் துணி இழுபட்டது, நெருங்கியது,
வேறு தாழ்வாரத்துக்குப் போனது.
ஜிவிலேயின் கை அசையவில்லை.
பதினோராம் நிமிடம்
அலமாரிக் கதவு ஒரு விரல் அளவு திறந்தது.
இருட்டில் ஒரு கண்.

அதிசயமெல்லாம் இல்லை.
யாராவது அசையாமல் பக்கத்தில் இருந்தால்
பதினாறு நொடிக்கு ஒரு வரி தானே அழியட்டும் என்று
நான்தான் எழுதியிருக்கிறேன்,
அக்டோபரில், ஒரு வெள்ளிக்கிழமை,
முதல் சம்பளம் சரியான தேதியில் வந்த வாரம்.

1187-க்கு நேராக ‘பிழை அல்ல’ என்று தட்டினேன்.
பிறகு அதை அழித்தேன்.
பதினைந்து வரட்டும் என்று
திறந்தே வைத்திருக்கிறேன்.