நாற்பத்து மூணு கண்ணி

பேட்டையில் தார் ரோடு
செருப்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிற மே மாசம்.
இந்தச் சமயம் பார்த்துத்தான்
என் மகன் உச்சிமாகாளிக்குக்
கம்பளி பின்னும் கோட்டி பிடித்தது.

கிளை நூலகத்துப் புத்தகம்.
அட்டையில் ஒரு பிள்ளை பனியில் நிற்கிறது,
மூக்கு சிவந்து, வாயில் புகையோடு.
"இத்தினிப் பிள்ள பீடி குடிக்குதே" என்றேன்.
"அது மூச்சும்மா" என்றான்.

ஊசிக்குத் துட்டு கேட்டான், இல்லை என்றேன்.
ஓடாத சைக்கிளின் ஸ்போக்ஸ் கம்பி இரண்டை
வாசல் சிமெண்டில் மூணு நாள் தேய்த்தான்.
அந்தச் சத்தத்தில் பல் கூசி
எனக்கு ஒரு கட்டு பீடி தளர்ந்துபோனது.

எதிர்வீட்டு ஜன்னத்துக்குக் குச்சி ஐஸ் குச்சியில்
பேனா ஸ்டாண்ட்.
நாற்பது குச்சி வேணும்.
பதினொன்று தின்று சேர்த்தது.
மிச்சம் காட்சி மண்டபத்துப் பக்கம் பொறுக்கியது,
யார் யாரோ நாக்கின் ஆரஞ்சு நிறம் அப்படியே.
கழுவியாச்சு என்று சத்தியம் பண்ணினாள்.
கழுவவில்லை.

கம்பளி, மைதீன் ஃபேன்சியில். செவப்பு.
"யாருக்குல மப்ளரு?
இந்த ஊர்ல எவனுக்குக் குளிருது?"
நியாயமான கேள்விதான்.

பத்துக் கண்ணியில் தொடங்கினான்.
எங்கேயோ ஒன்று நழுவி, எங்கேயோ இரண்டு கூடி
நாற்பத்து மூணாகிவிட்டது.
முறம் மாதிரி விரிந்தது மப்ளர்.
பீடித்தட்டுக்கு எதிரே அவன் பின்ன,
நான் சுற்ற,
இரண்டு மடியிலும் நூல்.
என் நூல் விழுந்த இடத்தில் முடிச்சு.
தீ வந்து தொட்டாலும் அவிழாது,
கம்பெனிக்கு அப்படித்தான் வேணும்.
அவனுடையதில் முடிச்சே கிடையாது.
இந்த வளையம் அந்த வளையத்தைப் பிடித்து நிற்கிறது,
அவ்வளவுதான்.
முனையை இழுத்தால்
அத்தனையும் வந்த வழியே ஓடிப்போகும்.
இதை நம்பி
ஒரு மனுஷன் கழுத்தில் எப்படிப் போடுவது?

பத்தாம் நாள்தான் வாயைத் திறந்தான்.
புத்தகத்தில் கடைசிப் பக்கம் கிழிந்திருக்கிறதாம்.
தொடங்கத் தெரியும். தொடரத் தெரியும்.
நிறுத்தத் தெரியாது.
அதனால் பின்னிக்கொண்டே இருந்தான்.
அம்மன் கொடை வந்து போனது.
மூணாவது உருண்டை தீர்ந்தது.
பள்ளிக்கூடம் திறக்க ஆறு நாள்.

கரண்ட் போன ஒரு ராத்திரி,
என் பீடி நூலை எடுத்து
கம்பியில் நின்ற கண்ணிகளை
ஒவ்வொன்றாகக் கட்டினேன்.
இருட்டில் விரல் பாட்டுக்குப் போனது.
"இது புத்தகத்துல இருக்காதும்மா."
"கிழிஞ்ச பக்கத்துல இருந்திருக்கும்" என்றேன்.

மைதீன் கேட்டதற்குப் பதில்:
அவன் அப்பாவுக்கு.
சேரன்மாதேவி ரோட்டு ஐஸ் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட்.
ஊரே வேர்த்துக் கிடக்கும்போது
இரும்புக் கதவுக்கு உள்ளே
பல் தந்தியடிக்க நிற்கிற ஆள்.
கழுத்தில் சுற்றினால் நிற்கவில்லை,
தலையில் கட்டினால் கண்ணை மூடியது.
தோளில் மடித்துப் போட்டு
அதன் மேல் பாளத்தை ஏற்றிக்கொண்டாராம்.

விடியக்காலம் வந்து நின்றார்.
சட்டை, காது, கழுத்து, எல்லாம் செவப்பு.
எனக்குக் கால் ஓடவில்லை.
அப்புறம்தான் தெரிந்தது,
சாயம்.
மீன் மார்க்கெட்டுக்குப் போன பதினாலு பாளமும்
ரோஸ் நிறத்தில் போயிருக்கிறது.
"மொதலாளி வஞ்சானா?"
"வஞ்சான்."
"குளிரு?"
வலது தோளைத் தொட்டுக் காட்டினார்.
"இங்ஙன மட்டும் இல்ல."

கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த மகன்
சாயத்தைப் பார்க்கவே இல்லை.
ஈரமாகக் கிடந்ததை விரித்து
ஓரத்தை எண்ணினான்.
நாற்பத்து மூணும் இருந்தது.

வாசலில் ஜன்னத்து,
பல் விளக்காத வாயோடு:
"மாமா, அந்த ரோஸ் ஐஸ்ல
ஒரு துண்டு கெடைக்குமா?
குச்சி எங்கிட்ட இருக்கு."