கண்டி, இரண்டு இரவு

மகள் றொமில்டா போனில அனுப்பின பட்டியலில
பதினொரு இடம்.
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில நேரம்,
'இதில நின்று ஒரு படம்' என்ற கட்டளை.

இருபத்தாறு வருசத்தில
நாங்கள் சோடியாய்ப் போன ஆகக் கூடின தூரம் மடு.
அதுக்கும் பாதி ஊர் கூட வந்தது.

மன்னார் பஸ்ஸில ஏறும்போது
முழுக்கைச் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரைக்கும் பூட்டினார்.
தம்புள்ளை வெயிலிலும் கழற்றேல்லை.
'மலையில குளிருமாம்.'

கண்டியில் குளிரேல்லை, தள்ளிச்சுது.
சனம், பள்ளிக்கூடப் பிள்ளைகள், லொத்தர்ச்சீட்டு,
ஒரே மூச்சில பத்து ஊர்ப்பேர் கூவுகிற கொண்டக்டர்மார்.
கச்சான் சுழலில் ஒற்றைக் கையால்
சுக்கான் பிடிச்ச என்ர மனுசன்
மணிக்கூட்டுக் கோபுரச் சந்தியில்
பாதை கடக்கப் பயந்து
என்ர கையைப் பிடிச்சார்.
பகலில.
பச்சை விளக்கு மூன்று தரம் வந்து போனது.
நான் அவசரப்படுத்தேல்லை.

ஹோட்டல் அறையில் துவாயை மடிச்சு
அன்னமாய்க் கட்டிலில் வைத்திருந்தது.
அவிழ்க்க மனமில்லாமல்
என்ர சீலைத் தலைப்பில முகம் துடைச்சார்.
இரவு அன்னத்தை மேசைக்கு மாற்றிவிட்டுப் படுத்தோம்.

அடுத்த நாள் காலை
நகரும் படியில நான் நாலு தரம் ஏறி இறங்கினன்.
அவர் கீழே
என்ர செருப்புப் பையோட,
கரையில படகு பார்த்து நிற்கிறவர் மாதிரி.

கறுவாப்பட்டை வாங்கத்தான் சந்தைக்குள் போனது.
பாதி வழியில் ஆளைக் காணேல்லை.
தேட வேண்டியிருக்கவில்லை,
மணம் எங்கேயோ அங்கே நின்றார்.
ஐஸுக்குள் ஒரு அறக்குளா.
செவுளை விரலால் தூக்கிப் பார்த்தார்.
'மூன்று நாள். எங்கட பக்கத்து மீன்.'
வலை அறுத்த தழும்பைத் தடவினார்.
விலை கேட்டார்.
கேட்ட விலையைத் தனக்குள் பிரிச்சார்,
கழிச்சார்,
பிறகு கணக்கை விட்டுட்டார்.
'பாத்தியா, எங்களுக்கு முதலே
இது கண்டி பார்த்திட்டுது.'
சிரிச்சம். மீன்காரனும் சிரிச்சான்
ஏனென்று தெரியாமல்.

வாவிக்கரையில்தான் பட்டியல் நின்றுபோனது.
கல்லுக்கட்டோரம் கரையை முட்டி முட்டி மீன்.
தொடை மொத்தத்தில் மீன்.
ஆளைக் கண்டு ஓடாத மீன்.
'ஒருத்தரும் பிடிக்கிறேல்லையோ?'
'பிடிக்கக் கூடாதாம்.'
'ஒருக்காலுமோ?'

சோளப்பொரி விற்ற பொடியனிடம் போனார்.
அவருக்குத் தெரிஞ்ச சிங்களம்
கடலில் நேவிக்காரர் படிப்பிச்சது:
நில், பேர் என்ன, திரும்பிப் போ.
அதை வைச்சுப் பொரி வாங்கேலாது.
இரண்டு விரலைக் காட்டினார்.
பொடியன் தமிழில் சொன்னான்,
'நூறு ரூபாய், ஐயா.'

முதல் பிடி தூரத்தில் விழுந்தது,
வலை எறிகிற வீச்சு.
இரண்டாவது கிட்ட.
பிறகு குந்தி இருந்து
ஒவ்வொரு பொரியாய்.
நாற்பது வருசம் மீனுக்குப் பொய் சொன்ன கை
கொஞ்சம் நடுங்கினது.
ஒரு மீன் வந்து
விரல் நுனியைச் சப்பிப் பார்த்துவிட்டுப் போச்சு.

மழை தூறினது.
குடை அறையில்.
புத்தர் மலைமேல் முகிலுக்குள் போய்விட்டார்,
பேராதனை கேற் பூட்டுகிற நேரம்.
றொமில்டா எடுத்தாள்:
'எத்தினை இடம் முடிஞ்சுது அம்மா?'
'ஒன்றரை' என்றேன்.
'அப்பாவைப் படம் எடுத்தீங்களோ?'

எடுத்தனான்.
முதுகு மட்டும்தான் தெரியுது,
நனைஞ்ச முழுக்கைச் சட்டை,
கழுத்துப் பொத்தான்
எப்ப கழற்றினாரோ, தெரியாது.
'அனுப்புங்கோவன்' என்றாள்.
நான் அனுப்பேல்லை.